நாற்பது மாணவர், ஒரு சனிக்கிழமை: தீயா, கல்லா, மண்ணா, நூலா, இரும்பா?

பள்ளித் தொன்மை மன்றங்கள் ஆதி மனிதரின் கண்டுபிடிப்புகளை மாணவர்கள் கையால் செய்து பார்க்க ஒரு பயிலரங்கு வைக்கத் திட்டமிடும்போது, முதலில் வரும் யோசனை தீ கடைவது. அடுத்தது சக்கரம். யாராவது கீழடியை நினைவூட்டினால் பானை. இரும்பு உருக்கலாமே என்று ஓர் ஆசிரியர் ஆசைப்படுவார். நூல் நூற்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் நூல். மூன்று வாரம் கிடைத்தால் மண்கலம். தீயை இருபது நிமிடச் செய்துகாட்டலாக வைத்துக்கொள்ளலாம். கல்லாயுதம் உடைப்பதைப் பள்ளியில் செய்ய வேண்டாம். இரும்பு, உலோகவியல் துறை உள்ள கல்லூரிகளின் வேலை. இந்த முடிவுக்கு எப்படி வந்தோம், ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் வேண்டும், எங்கே கெட்டுப்போகும் என்பதுதான் இந்தக் கட்டுரை. எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பது பேர், பள்ளி மைதானம், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்ற கணக்கை வைத்துப் பேசுகிறோம்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

ஆபத்து இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்; அதில் பேரம் கிடையாது. அதைத் தாண்டியவற்றில் மூன்று கேள்விகள் கேட்கிறோம். நாற்பது கைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்யுமா, அல்லது நான்கு பேர் செய்ய முப்பத்தாறு பேர் வேடிக்கை பார்ப்பார்களா? தவறு நடந்தால் ஏன் நடந்தது என்று அந்த இடத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா? மாலையில் அளக்கவும் எடை போடவும் ஏதாவது கையில் மிஞ்சுமா?

நான்காவதாக வரலாற்றுக் கேள்வி ஒன்றும் உண்டு. அந்தக் கண்டுபிடிப்பு உண்மையிலேயே எல்லா நாகரிகங்களுக்கும் அடித்தளமாக இருந்ததா? சக்கரம் இந்தக் கேள்வியில்தான் தோற்கிறது. ஆண்டீஸ் மலைகளில் இன்கா மக்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சாலை போட்டு ஒரு பேரரசை நடத்தினார்கள். அவர்களிடம் சக்கர வண்டி இல்லை, இரும்பு இல்லை, நாம் எழுத்து என்று சொல்வதும் இல்லை. கயிறு இருந்தது. பள்ளத்தாக்குகளைப் புல்கயிற்றுப் பாலங்களால் கடந்தார்கள். கணக்கைக் கிப்பு என்ற முடிச்சுக் கயிறுகளில் வைத்தார்கள். நடு அமெரிக்காவில் சக்கரம் பூட்டிய சுடுமண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன, ஆனால் வண்டி ஓடவில்லை, இழுக்க மாடும் குதிரையும் இல்லாததால்.

சக்கரத்தைச் செய்து பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாணவர்கள் முதலில் ஓர் அடிமரத்தைக் குறுக்கே அறுத்து வட்டத்தை எடுப்பார்கள். சில வாரங்களில் அது நடுவிலிருந்து விளிம்பு வரை பிளந்துவிடும். மரம் காயும்போது மையத்திலிருந்து விளிம்பை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையங்களின் போக்கில் சுருங்கும். அதனால் பழைய தச்சர்கள் நீளவாக்கில் பிளந்த பலகைகளை இணைத்துத்தான் சக்கரம் செய்தார்கள். ஸ்லோவேனியாவின் லியூப்லியானா சதுப்பு நிலத்தில் கிடைத்த, 5000 ஆண்டுகளுக்கு மேல் பழைய சக்கரமும் அப்படித்தான்: வட்டு ஒரு மரம், அச்சு வேறு மரம். இந்த வேலைக்குக் கூரிய உளி, காய்ந்த பலகை, பழகிய தச்சர் எல்லாம் வேண்டும். ஒரு நாளில் முடியாது.

தீ: பார்க்க அழகு, பழக நாளாகும்

தீயைப் பயன்படுத்திய தடம் தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னாலேயே தெரிகிறது. ஆனால் தீயைப் பயன்படுத்துவதும் வேண்டும்போது உண்டாக்குவதும் ஒன்றல்ல. பயிலரங்கில் நாம் கற்றுக்கொடுக்கப் பார்ப்பது இரண்டாவதை.

வில்லால் கடையும் முறைக்கு ஐந்து பொருள் வேண்டும். அடிப்பலகை ஒன்று, 1 முதல் 1.5 செ.மீ. தடிமனில். கடைகோல் 20 முதல் 25 செ.மீ. நீளம், பெருவிரல் தடிமன். சற்று வளைந்த 60 செ.மீ. வில். அதற்கு அறுந்துபோகாத நாண். கோலின் தலையை அழுத்திப் பிடிக்கக் குழியுள்ள கல் அல்லது கொட்டாங்குச்சித் துண்டு. பலகையும் கோலும் நகத்தை அழுத்தினால் தடம் பதியும் அளவு மெத்தென்ற, எடை குறைந்த, நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். தேக்கும் வேம்பும் வேண்டாம். கை ஓய்ந்துபோகும், கங்கு வராது.

கோல் சுழன்று பலகையில் குழி விழுந்ததும், விளிம்பிலிருந்து குழியின் மையத்தைத் தொடும் அளவுக்கு ஒரு கவட்டு வெட்டு வெட்ட வேண்டும். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம் போதும். கருந்தூள் அந்த வெட்டில்தான் குவியும். குவிந்த தூள் சுமார் 400 டிகிரி செல்சியஸை எட்டும்போது தானாகவே புகைந்து கங்காகும். வெட்டு மையத்தைத் தொடாவிட்டால் தூள் நாலா பக்கமும் சிதறும். எவ்வளவு கடைந்தாலும் புகை மட்டும்தான்.

என்ன தவறு என்று தூளே சொல்லும். வெளிர்பழுப்பாகப் பஞ்சுபோல வந்தால் அழுத்தமும் வேகமும் போதவில்லை. கருத்துச் சுருண்ட துணுக்குகளாக வந்தால் அழுத்தம் அதிகம். மாவு போன்ற கருந்தூள்தான் சரி. குழி பளபளவென்று மெருகேறி வழுக்கினால் ஒரு சிட்டிகை மணல் போட்டுச் சொரசொரப்பாக்க வேண்டும். மேல்பிடியில் கோல் எரிந்தால் அங்கே எண்ணெயோ பச்சிலையோ வைக்க வேண்டும். அடிமுனையில் ஒரு துளி எண்ணெய்கூடப் படக்கூடாது. கங்கை ஏந்த நன்றாக உதிர்த்த தேங்காய் நார் நல்லது. இலவம்பஞ்சு குப்பென்று பற்றி, சுள்ளி பிடிப்பதற்குள் அணைந்துவிடும்.

ஈரப்பதம் இந்த வேலைக்கு எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் இதைத் திட்டமிடவே கூடாது. தீக்கடைகோலைச் சங்கத் தமிழ் ஞெலிகோல் என்கிறது. வீட்டுக் கூரையின் தாழ்ந்த விளிம்பில் செருகிவைத்த ஞெலிகோல் ஒரு புறநானூற்றுப் பாட்டில் உவமையாக வருகிறது. அடுப்புப் புகையும் சூடும் படும் அந்த இடம், கோலை மழைக்காலத்திலும் காய்ந்தபடி வைத்திருக்க வீட்டில் இருந்த சிறந்த இடம்.

பழகியவர் ஓரிரு நிமிடத்தில் கங்கு எடுத்துக்காட்டுவார். மாணவரில் முதல் நாளிலேயே எடுப்பவர் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். மற்றவர்களுக்குக் கொப்புளமும் சோர்வும்தான் மிஞ்சும். அதனால் இதைச் செய்துகாட்டலாக மட்டும் வைக்கச் சொல்கிறோம். கடையும்போது முதலில் அறுவது பெரும்பாலும் நாண்தான். அந்த நேரத்தில் மாணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: வில்லால் தீ கடைய, அதற்கு முன் எதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்?

கல்: பள்ளிக்கு வேண்டாம்

மனிதத் தொழில்நுட்பத்தில் மிகப் பழையது இதுதான். கென்யாவின் லோமெக்வியில் 33 லட்சம் ஆண்டுப் பழமையான கற்கருவிகள் கிடைத்தன. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்தின் குவார்ட்சைட் என்ற கடினக் கல்லாலான கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கல்தான் இந்தியாவில் இந்த ஆய்வுக்கே தொடக்கம். இவ்வளவு இருந்தும் வேண்டாம் என்பதற்குக் காரணம் எளிது. தெறிக்கும் சில்லு கண்ணில் பாயும். படிகக் கல்லை உடைக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கும். பல நாள் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும். நாற்பது சிறுவர் ஒருவருக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைப்பதை எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் முழுமையாகக் காக்காது.

பெரியவர் ஒருவர் மட்டும் கண்ணாடி, கையுறை, முகக்கவசம் அணிந்து திறந்தவெளியில் செய்துகாட்டலாம். அப்போது அடிக்கும் விளிம்பின் கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பதையாவது மாணவர் பார்க்கட்டும். அதைத் தாண்டினால் செதில் உரியாது, கல்தான் நசுங்கும். கீழே தார்ப்பாய் விரித்து, சில்லுகள் அத்தனையையும் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். இன்று உடைத்த செதிலும் பழைய செதிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மைதானத்தில் விட்டுவந்தால் நாளை மேற்பரப்பாய்வு செய்ய வருபவரை ஏமாற்றிவிடும்.

மண்: மூன்று வாரம் இருந்தால்

சீனாவின் சியான்ரென்டோங் குகையில் சுமார் 20,000 ஆண்டுப் பழமையான பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் உழவர்கள் அல்லர். வேட்டையாடியும் சேகரித்தும் உண்டவர்கள். மேற்காசியாவிலோ எரிக்கோ போன்ற ஊர்களில் விதைப்பும் அறுவடையும் வந்து பல நூற்றாண்டு கழித்தே பானை வந்தது. "விவசாயம் வந்தது, தானியம் சேர்ந்தது, பானை பிறந்தது" என்று பாடத்தில் ஒழுங்காக வரும் வரிசை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை மாணவருக்குச் சொல்ல மண் நல்ல வாய்ப்பு.

நாற்பது பேருக்கு ஆளுக்கு 400 கிராம் வீதம் 16 கிலோ, கழிவுக்கும் சேர்த்து 20 கிலோ பிசைந்த மண் வேண்டும். ஏரிக் களிமண் நான்கு பங்குக்குச் சலித்த மணலோ இடித்த பானையோட்டுத் தூளோ ஒரு பங்கு. கலப்பு சரியா என்று பார்க்கப் பென்சில் தடிமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைக்க வேண்டும். வெடித்தால் மணல் மிகுதி. ஒட்டிக்கொண்டு துவண்டால் மணல் போதாது. தட்டையான வில்லை ஒன்றில் 10 செ.மீ. கோடு கிழித்துக் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். 9 செ.மீ.க்கும் கீழே சுருங்கினால் அந்த மண்ணில் செய்த கலம் காயும்போதே கீறும். மணலைக் கூட்ட வேண்டும்.

சுண்ணாம்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புத் துகளோ கிளிஞ்சல் பொடியோ இருக்கிறது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறும். கலம் நன்றாக வெந்து, குளிர்ந்து, வீட்டுக்கும் போய், சில நாள் கழித்துக் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, பக்கவாட்டில் ஒரு சில்லைத் தெறிக்கவைக்கும். சுட்டது சரியில்லை என்று ஆளாளுக்குப் பழி சொல்வார்கள். பிழை மண் எடுத்த அன்றே நடந்திருக்கும்.

சக்கரம் வேண்டாம். மண்திரியை அடுக்கி, உள்ளே ஒரு கூழாங்கல்லைப் பிடித்து வெளியே பலகையால் தட்டி இணைப்பது போதும். சுவர் 6 முதல் 8 மி.மீ. அடிப்பகுதியை மட்டும் தடிமனாக விட்டுவிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. மேலே காய்ந்து அடியில் ஈரம் நிற்க, அடி வெடிக்கும். பிறகு நிழலில் 7 முதல் 10 நாள் காய வேண்டும். வெயிலில் வைக்கக்கூடாது. காய்ந்துவிட்டதா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு.

சுடுவதற்கு 1.2 மீட்டர் அகலம், 40 செ.மீ. ஆழத்தில் குழி. கலங்களை அதன் ஓரத்தில் வைத்து மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வாட்ட வேண்டும். இதை யாரும் சுருக்கக்கூடாது. ஈரம் நீராவியாகும்போது அதன் பருமன் சுமார் 1,700 மடங்கு பெருகும். வெளியேற வழியில்லாமல் கலத்தை உடைத்துக்கொண்டு வரும். வாட்டிய பின் குழியில் வரட்டியும் தேங்காய் மட்டையும் பரப்பி, கலங்களைக் கவிழ்த்து அடுக்கி, மேலே சுள்ளி, அதன்மேல் வைக்கோல், அதன்மேல் சாம்பலும் ஈரமண்ணும். நன்றாகக் காய்ந்த எரிபொருள் சுமார் 50 கிலோ எடுத்துவைத்துக்கொண்டால் முடைப்படாது. இப்படிப்பட்ட திறந்த சூளை 600 முதல் 850 டிகிரி வரை எட்டும். சுமார் 450 டிகிரியைத் தாண்டி 600ஐ நெருங்கும்போது களிமண் தன் அமைப்புக்குள் பிணைந்திருந்த நீரையும் இழந்துவிடுகிறது; அதன் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது மறுபடி சேறாகாது. மனிதர் வேண்டுமென்றே செய்து, திருப்பவே முடியாத வேதிமாற்றங்களில் இது மிகப் பழைய ஒன்று.

மறுநாள் வரை திறக்கக்கூடாது. ஆவலில் முன்னால் திறந்தால் குளிர்காற்று பட்டு மயிரிழை விரிசல் விழும். விரலால் சுண்டினால் நல்ல கலம் கணீரென்று ஒலிக்கும், விரிசல் கண்டது மந்தமாகக் கேட்கும். ஒரு கலத்தில் இரவு முழுக்க நீர் வைத்துப் பாருங்கள். வேகாதது காலையில் கரைந்து சேறாகிக் கிடக்கும்.

ஒருசில கலங்களின் உள்ளே உமியைத் திணித்து, வாய்ப்புறத்தை உமிக்குள் புதைத்துக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளும் வாயும் கறுப்பாகவும் வெளிப்புறம் சிவப்பாகவும் வரும். காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. காற்றுப் படாத இடத்தில் கரி ஏறுகிறது. தமிழ்நாட்டு அகழாய்வுக் குழிகளில் திரும்பத் திரும்பக் கிடைக்கும் கறுப்பு சிவப்புப் பானைகளின் இரு நிறத்துக்கும் அடிப்படைக் காரணம் இதுதான். அதை மாணவர் தன் கையாலேயே செய்து பார்ப்பது, அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதைவிட ஆழமாகப் பதியும்.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிசைய ஒரு நாள், காய ஒன்றரை வாரம், சுட ஒரு நாள், திறக்க ஒரு நாள். நடுவில் மழை வந்தால் கதை முடிந்தது. ஊரில் வேளார் (குயவர்) ஒருவர் உதவ முன்வந்தால் இந்த வழியைத் தயங்காமல் எடுங்கள். அவர் கை மண்ணைத் தொட்டுச் சொல்வது மேலே எழுதிய எல்லாச் சோதனைகளையும் விடத் துல்லியம்.

நூல்: எங்கள் தேர்வு

நூல் மக்கிவிடும். அதனால்தான் கற்காலம், செம்புக்காலம், இரும்புக்காலம் என்று பேசுகிறோம். நூற்காலம் என்று ஒன்றைச் சொல்வதில்லை. தப்பிப் பிழைத்த சிறு துண்டுகளே அதன் பழமையைக் காட்டுகின்றன. பிரான்சின் அப்ரி டு மாரா குகையில் ஒரு கல்செதிலில் ஒட்டியிருந்த கயிற்றுத் துணுக்கு 41,000 முதல் 52,000 ஆண்டு பழையது. நியாண்டர்தால் மனிதர் மரப்பட்டை நாரில் திரித்தது. 6 மி.மீ.தான் நீளம். மூன்று புரிகள் ஒரு பக்கமாக முறுக்கப்பட்டு, மூன்றும் சேர்ந்து எதிர்ப்பக்கமாகத் திரிக்கப்பட்டிருக்கின்றன. பாகிஸ்தானின் மெகர்கர் ஊரில் கி.மு. ஆறாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த கோத்து அணியும் ஒரு செம்பு மணிக்குள் பருத்தி இழை மிஞ்சியிருந்தது. செம்பின் உப்பு ஊறி அதை அழுகவிடாமல் காத்தது. கீழடியிலும் நூல் மக்கிவிட்டது, தக்களி என்ற நூற்கும் கோலில் மாட்டும் சுடுமண் வட்டுகள் மட்டும் கிடைத்தன.

காலையில் கருவியே இல்லாமல் தொடங்கலாம். ஆளுக்கு ஒரு பிடி ஊறவைத்த தேங்காய் நார். அதை இரண்டு புரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வலப்பக்கமாக முறுக்கியபடியே ஒன்றன்மேல் ஒன்றை இடப்பக்கமாகப் போட்டுவர வேண்டும். கையை விட்டால் புரி தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கும். ஆனால் அவிழும் போக்கே இரண்டையும் இன்னும் இறுக்கமாகச் சேர்த்துவிடும். அப்ரி டு மாரா துணுக்கிலும் இதே நுட்பம்தான். அரைமணி நேரத்தில் எல்லோர் கையிலும் ஒரு முழம் கயிறு இருக்கும். புரிகளை முறுக்கிய அதே பக்கமாகவே இரண்டையும் சேர்த்துத் திரித்த மாணவரின் கயிறு விட்டதும் பிரிந்துவிடும், ஏன் என்று அவரே சொல்லிவிடுவார்.

அடுத்து தக்களி. நாற்பது மூங்கில் குச்சிகள், 20 செ.மீ. நீளம், 4 மி.மீ. தடிமன், ஒரு முனை கூராக, மறுமுனையில் நூல் மாட்ட ஒரு சிறு வெட்டு. வட்டு களிமண்ணில், 3.5 செ.மீ. அகலம், 10 முதல் 15 கிராம் எடை, நட்டநடுவில் துளை. முந்தின வாரமே செய்து காயவைத்தால் போதும், சுட வேண்டியதில்லை. துளை ஓரம் தள்ளிப்போனால் தக்களி தள்ளாடி நூலை அறுக்கும். கம்பளி நூற்கும் தக்களி 30 கிராமுக்கு மேல்கூட இருக்கலாம், அந்த இழை நீளமானது, தாங்கும். பருத்தி இழை இரண்டரை செ.மீ.தான், கனமான வட்டைத் தொங்கவிட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் கூர்முனையைக் கொட்டாங்குச்சியில் ஊன்றிச் சுழற்ற வேண்டும். அகழாய்வில் கிடைத்த ஒரு வட்டை எடை போட்டே எப்படிப்பட்ட நூல் நூற்றிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணிப்பது இந்தத் தொடர்பை வைத்துத்தான்.

பஞ்சு ஆளுக்கு 10 கிராம், கழிவுக்கும் சேர்த்து 600 கிராம். மருந்துக்கடைப் பஞ்சை வாங்கவே கூடாது; வெளுத்து மெழுகு நீக்கிய அது இழுத்தால் நீளாமல் துண்டு துண்டாகப் பிய்ந்துவரும். இலவம்பஞ்சும் உதவாது: பருத்தி இழையில் இயற்கையாகவே திருகல் இருப்பதால் ஒன்றையொன்று பற்றும், இலவ இழை கண்ணாடிபோல் வழவழப்பு, பிடிப்பே இல்லை. கொட்டையோடு கூடிய பருத்தி கொஞ்சம் கிடைத்தால் நல்லது. பலகையில் வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை பிதுங்கி வெளியேறும். மூன்று பங்கு எடையில் ஒரு பங்குதான் பஞ்சு என்பது அப்போது தெரியும். பஞ்சைப் பிரித்து, தளர்வான விரல் தடிமன் பட்டைகளாக உருட்டி வைக்க வேண்டும்.

கையால் நூற்கத் தொடங்கும்போது, ஏற்கெனவே உள்ள அரை மீட்டர் நூலைத் தக்களியில் கட்டி, அதன் நுனியைப் பஞ்சுப் பட்டையோடு 5 செ.மீ. ஒட்டவைத்து முறுக்கேற்ற வேண்டும். ஒரு கை சுழற்ற, மறுகை பஞ்சை மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடிப் போகும். தடித்த இடம் முறுக்கில்லாமல் கிடக்கும். எனவே தடிப்பைக் கண்டால் இன்னும் முறுக்காமல் முதலில் இழுத்து மெலியவைக்க வேண்டும். முறுக்கேறுமுன் இழுத்தால் பஞ்சு நழுவி அறும், முறுக்கு ஏறிய பின் இழுத்தால் நீளாது. அந்த நடுப்பதம் அரைமணி நேரத்தில் பெரும்பாலோருக்குப் பிடிபடும். அறுந்த நுனியைப் பிரித்துப் பார்த்தால் எது நடந்தது என்று தெரியும்: பஞ்சுபோல் கலைந்திருந்தால் முறுக்குக் குறைவு, சுருண்டு கொக்கிபோல் நின்றால் மிகை. அடுப்பும் புகையும் கத்தியும் இல்லாமல், அறுந்தால் அதே நொடியில் மறுபடி தொடங்கக்கூடிய வேலை இது ஒன்றுதான். 1937 வார்தா கல்வி மாநாட்டுக்குப் பின் ஆதாரக் கல்விப் பள்ளிகளில் சிறுவர் கையில் தக்களி கொடுத்ததற்கு இந்த எளிமையும் ஒரு காரணம்.

மாலையில் கணக்கு. இங்கேதான் மற்ற எல்லாத் தேர்வுகளையும் நூல் முந்துகிறது. ஒவ்வொருவர் நூலையும் 50 செ.மீ. சட்டத்தில் சுற்றி அளக்க வேண்டும். புதியவர் மணிக்கு 15 மீட்டர் நூற்றால் நன்று. நாற்பது பேர் இரண்டு மணி நேரம் நூற்றால் 1,200 மீட்டர். இப்போது ஒரு துண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று பலகையில் போடுங்கள். நீளம் 1.5 மீட்டர், அகலம் 75 செ.மீ., சென்டிமீட்டருக்கு 15 இழை. பாவு (நெடுக்கு) இழை 1,125, ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர். ஊடை (குறுக்கு) இழை 2,250, ஒவ்வொன்றும் முக்கால் மீட்டர். மொத்தம் 3,375 மீட்டர். நாற்பது பேரின் மதியம் முழுக்கச் சேர்ந்தும் ஒரு துண்டில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுகிறது.

சேலைக்குப் போடுங்கள். ஐந்தரை மீட்டர் நீளம், 1.15 மீட்டர் அகலம், சென்டிமீட்டருக்கு 20 இழை என்றால் ஏறக்குறைய 25,300 மீட்டர். பழகிய கை தக்களியில் மணிக்கு 100 மீட்டர் நூற்கும் என்று வைத்தாலும் 253 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி என்றால் ஒரு மாதத்துக்கு மேல், நூற்க மட்டும். பஞ்சு கொட்டுவதும் பாவு ஓடுவதும் நெய்வதும் இதில் சேரவில்லை. கப்பல் பாய், மீன்வலை, சாக்கு, கூடாரம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வந்தவை. பண்டைக்காலத்தில் பெண்களின் நேரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை பாடப்புத்தகத்தில் இல்லை. சங்கப் பாட்டில் பருத்திப் பெண்டு என்று தொழிலால் அழைக்கப்படுபவள் அப்படிப்பட்ட ஒருத்திதான். அவள் கையில் இருந்த பஞ்சுக்கு வழங்கிய பனுவல் என்ற சொல்லே பின்னால் புத்தகத்துக்கும் பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் எந்திரப் புரட்சி நூற்பில் தொடங்கியதும் தற்செயல் அல்ல. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல நூற்பவர் வேண்டியிருந்த இடத்தில்தான் எந்திரத்துக்கு அவசரம்.

குறையையும் சொல்ல வேண்டும். நூல் பார்க்கக் கவர்ச்சியில்லாதது. தீப்போலக் கைதட்டல் வாங்காது. முதல் பத்து நிமிடம் நூல் அறுந்துகொண்டே இருக்கும்போது பையன்கள் சிலர் இது எங்களுக்கு இல்லை என்று ஒதுங்கப் பார்ப்பார்கள். அதற்காகவே தேங்காய் நார்க் கயிற்றை முதலில் வைக்கச் சொல்கிறோம். இழுத்துப் பார்த்து எவர் கயிறு தாங்குகிறது என்ற போட்டி வந்துவிட்டால் யாரும் ஒதுங்கமாட்டார்கள்.

இரும்பு: கல்லூரிக்கு

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட தொல்லியல் துறை அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்புக்குக் கி.மு. 3345 வரை போகும் காலத்தைத் தந்தபின் எல்லோருக்கும் இதில்தான் ஆர்வம். ஒன்றை மாணவருக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்: அது இரும்போடு கிடைத்த கரி, பானையோடு போன்றவற்றைச் சோதித்து எடுத்த காலம்.

ஒரு சிறு உலைக்கு ஒரு மீட்டர் உயரமும் 25 முதல் 30 செ.மீ. உள் அகலமும் கொண்ட களிமண் சுவர், 10 கிலோ தாது, 25 முதல் 30 கிலோ மரக்கரி, விடாமல் ஊதும் துருத்தி, ஆறு முதல் எட்டு மணி நேரம். அவ்வளவு கரிக்கு அதைப்போல ஐந்தாறு மடங்கு விறகு எரிந்திருக்க வேண்டும். உலை சுமார் 1,200 டிகிரியை எட்டும். இரும்பு உருக 1,538 வேண்டும். ஆகவே இரும்பு உருகாது. கிட்டம் எனப்படும் கசடு உருகி வழிய, உள்ளே பஞ்சுபோன்ற இரும்புக் கட்டி திரளும். நன்றாக நடந்தால் ஒன்றிரண்டு கிலோ. தாதுவை முன்பே வறுத்துச் சுண்டைக்காய் அளவுக்கும் சிறிதாக உடைக்காவிட்டால், சுவர் ஈரமாக இருந்தால், ஊதுகுழாய் வாயைக் கிட்டம் அடைத்துவிட்டால், நாள் முழுக்க உழைத்தும் கருங்கசடுதான் கிடைக்கும். உலைவாயில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. பள்ளி வளாகத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும். மாணவருக்கு ஆசை இருந்தால் ஒரு காந்தத்தைக் கொடுத்து ஆற்று மணலிலிருந்து கருமணலை ஒட்டி எடுக்கச் சொல்லுங்கள். காந்தம் பிடிக்கும் அந்தக் கருந்துகளும் இரும்புத் தாதுதான்.

நாளை எப்படிப் பிரிப்பது

ஒன்பதரைக்கு ஞெலிகோல் செய்துகாட்டல், நாண் அறுவது வரை. பத்து மணிக்கு நார்க்கயிறு. பதினொன்றுக்குப் பஞ்சு பிரித்தல், பட்டை உருட்டல். மதிய உணவுக்குப் பின் ஒன்றேகால் முதல் மூன்றேகால் வரை தக்களி. ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் எட்டு உதவியாளர் வேண்டும். முந்தின வாரமே அவர்களுக்கு இரண்டு மணி நேரம் பழக்கம் கொடுத்துவிட வேண்டும், பழகாத உதவியாளர் இருப்பதைவிட இல்லாதது மேல். மின்விசிறியை அணைத்துவிடுங்கள், பஞ்சு பறக்கும். மூச்சுத்திணறல் உள்ள மாணவரைப் பஞ்சு பிரிக்கும் இடத்தில் உட்கார வைக்காமல் சட்டத்தில் நூல் சுற்றும் வேலை கொடுங்கள்.

கடைசி நாற்பது நிமிடம் அளவுக்கும் கணக்குக்கும். ஒவ்வொரு நூலிலும் பெயர்ச்சீட்டு கட்டி, நீளமும் எடையும் எழுதி, நீளத்தை எடையால் வகுத்து ஒரு கிராமில் எத்தனை மீட்டர் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 17க்கு அருகில் வந்தால் அது பத்தாம் நம்பர் நூல், கைத்தறியில் தடித்த துணிக்கு ஆகும். நாற்பது நூல்களையும் ஒன்றாக முடிந்து ஒரே சிட்டமாகச் சுற்றி, அருகில் தறி வைத்திருப்பவரிடம் கொடுத்து ஊடையாக ஓட்டித் தரச் சொல்லலாம். பாவுக்கு ஆலை நூலே இருக்கட்டும். புதியவர் நூற்றது பாவின் இழுவிசையைத் தாங்காது.